சுருக்கங்களுக்குக் கணக்குச் சொன்ன பேராசிரியர்

காஞ்சிபுரத்தில் தறியிலிருந்து இறக்கிய பட்டைப் பிரித்து மேசையில் போட்டால், விளிம்பில் அது மடிந்து மடிந்து தொங்கும். அந்த மடிப்பு ஏன் அந்த அகலத்தில் விழுகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இந்த மாதிரிக் கேள்விகளையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் எல். மகாதேவன்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1986-ல் பட்டம் பெற்று, 1995-ல் ஸ்டான்ஃபோர்டில் முனைவரானவர். எம்.ஐ.டி., கேம்பிரிட்ஜ் வழியாக 2003-ல் ஹார்வர்டு சென்றார். துணி, தோல், சவ்வு, ஜெல் போன்ற மென்மையான பொருட்கள்தான் அவருடைய களம்.

மெல்லிய பிளாஸ்டிக் தாளின் இரு முனைகளையும் இறுகப் பிடித்து இழுத்தால், நடுவில் நீளவாக்கில் கோடுகளாகச் சுருக்கம் விழும். வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். இழுபடும் தாள் குறுக்கே ஒடுங்கப் பார்க்கிறது, பிடித்த முனைகள் விடுவதில்லை. அந்த நெருக்கடியில் நடுப்பகுதி மடிகிறது. நெருக்கமாக மடிய வேண்டுமானால் தாள் அதிகம் வளைய வேண்டும். அகலமாக மடிந்தாலோ, நீளவாக்கில் கூடுதலாக இழுபட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அகலத்தில் அது நிற்கிறது. சிலி நாட்டின் என்ரிக் செர்டாவோடு சேர்ந்து 2002, 2003-ல் இதற்கு விதியே எழுதினார் மகாதேவன்: தாளின் நீளம் 4 மடங்கானால் சுருக்கங்களின் இடைவெளி 2 மடங்காகும், இழுவிசை 16 மடங்கானால் இடைவெளி பாதியாகும். கலைப் பட்டதாரியான எனக்கே இது விளங்கியது!

இதற்காக இருவருக்கும் 2007-ல் 'இக் நோபல்' கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று நம் வீடுகளில் கேட்போமே, அதே சிரிப்புதான். 2009-ல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கையும் வந்தது.

கருவில் இருக்கும் குழந்தையின் மூளை முதலில் வழவழப்பாகத்தான் இருக்கும். ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பிறகே மடிப்புகள் தொடங்கும். 2016-ல் மகாதேவன் குழுவினர் கருக் குழந்தையின் ஸ்கேன் படத்தை வைத்து ஜெல்லால் ஒரு மூளை செய்து, அதன்மேல் மெல்லிய உறை பூசி, திரவத்தில் அமிழ்த்தினார்கள். மேலுறை ஊறிப் பெருத்தது, உள்ளே இருந்தது பெருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிஜ மூளையில் உள்ளது போன்ற மடிப்புகள் விழுந்தன. மேலுறையின் தடிமனும் அது வளரும் வேகமும் மடிப்பைத் தீர்மானிக்கின்றன. உறை தடித்தால் மடிப்புகள் குறைவு. மடிப்பில்லாத மூளையோடு பிறந்து, வலிப்பிலும் வளர்ச்சிக் குறைவிலும் தவிக்கும் குழந்தைகளுக்கு மூளையின் அந்த மேலுறை தடித்தே காணப்படுகிறது.