பிரேசிலிய மெர்கான்சர்

பிரேசிலிய மெர்கான்சர் என்பது தென் அமெரிக்காவின் மலை ஆறுகளில் வாழும், மீன் பிடித்து உண்ணும் காட்டு வாத்து இனமாகும். உலகில் மிக அரிதாகிவிட்ட வாத்துகளுள் இதுவும் ஒன்று. இதன் அறிவியல் பெயர் மெர்கஸ் ஆக்டோசெட்டேசியஸ். பிரேசில் மக்கள் இதனைப் 'பாத்து மெர்குல்யாவ்', அதாவது முக்குளிக்கும் வாத்து என்று அழைக்கின்றனர்.

உடலமைப்பும் வாழிடமும்

இதன் தலை கரும்பச்சை நிறம் உடையது. பின்தலையில் நீண்ட கொண்டை உண்டு. கால்கள் சிவப்பு. பெரும்பாலான வாத்துகளுக்கு அலகு தட்டையாக இருக்கும். இதன் அலகோ மெல்லியதாய், ஓரங்களில் ரம்பம் போன்ற பற்களுடன் அமைந்துள்ளது. வழுக்கும் மீனைப் பற்றிக்கொள்ள இது உதவுகிறது.

இப்பறவை நீருக்குள் மூழ்கி, கண்ணால் பார்த்தே இரையைப் பிடிக்கிறது. எனவே தெளிந்து விரைந்தோடும் ஆறுகளில் மட்டுமே இதனால் வாழ இயலும். ஓர் இணை ஆற்றின் பல கிலோமீட்டர் நீளத்தைத் தன் எல்லையாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் அங்கேயே தங்குகிறது. மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் முட்டையிடும். பெட்டையே அடைகாக்கும், சேவல் அருகில் காவல் இருக்கும். குஞ்சுகள் சில வேளைகளில் தாயின் முதுகில் ஏறிச் செல்வதுண்டு.

வரலாறு

பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1817-இல் இவ்வினத்திற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். பிரேசில், கிழக்குப் பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா ஆகிய பகுதிகளில் இது வாழ்ந்தது. ஆனால் எங்கும் மிகுதியாகக் காணப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது அற்றுப்போய்விட்டதாகவே பலர் கருதினர்.

1948-இல் அர்ஜென்டினாவின் மிசியோனசு மாகாணத்தில் இது மீண்டும் கண்டறியப்பட்டது. அங்கு ஆய்வு செய்த வில்லியம் பார்ட்ரிட்ஜ் 1954-இல் இதன் கூட்டைக் கண்டார். அறிவியல் உலகம் அறிந்த முதல் கூடு அதுவே. பெயரிட்டு 137 ஆண்டுகள் கழிந்த பிறகே இதன் இனப்பெருக்க வாழ்க்கை தெரியவந்தது.

அச்சுறுத்தல்கள்

காடுகளை அழித்து உழும்போது மழைநீர் மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. நீர் கலங்கினால் மீன் கண்ணுக்குப் புலப்படாது; இரை கிடைக்காது. அணைகள் ஓடும் ஆற்றைத் தேங்கிய நீராக்கிவிடுகின்றன. சுரங்கத் தொழிலும் ஆறுகளை மாசுபடுத்துகிறது.

தற்போதைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. முதிர்ந்த பறவைகள் 250-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. பிரேசிலின் செர்ரா த கனாஸ்த்ரா தேசியப் பூங்கா இதன் முதன்மைப் புகலிடம். அங்குதான் சாவ் பிரான்சிஸ்கோ ஆறு பிறக்கிறது. 2011 முதல் காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, காப்பிடங்களிலும் வளர்த்து வருகின்றனர்.

நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் வாழ்ந்த இதன் உறவினம் 1902-க்குப் பின் காணப்படவில்லை. ஆகவே தென் அரைக்கோளத்தில் எஞ்சியுள்ள ஒரே மெர்கான்சர் இதுவே. இவ்வாத்து வாழும் ஆறு தூய ஆறு எனக் கொள்ளலாம். ஆற்றைக் காப்பதே இதனைக் காக்கும் வழியாகும்.