பால் கேனில் கிடைத்த திருத்தம்

மண்ணுக்கடியில் ஒரு நூலகம் - 9

1950 டிசம்பர் 1. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் வார்சாவின் பழைய யூதப் பகுதி செங்கல் மேடாகத்தான் கிடந்தது. நோவோலிப்கி தெரு 68ஆம் எண்ணில், முன்பு பள்ளிக்கூடம் நின்ற இடத்தில், கட்டட வேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு பால் கேன்கள் அகப்பட்டன. உள்ளே பால் இல்லை, காகிதம்.

போன வாரம் பார்த்தோமே, வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள் ரகசியமாகச் சேர்த்த ஆவணங்கள்? அதன் இரண்டாம் பகுதி இது. 1946இல் கிடைத்த முதல் பகுதி பத்துத் தகரப் பெட்டிகளில் இருந்தது. தண்ணீர் புகுந்து பல தாள்கள் பாழாகியிருந்தன. பால் கேன்களில் இருந்தவை அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. அவற்றுக்கு நடுவே எபிரேயத்தில் எழுதிய சில கையெழுத்துக் கட்டுகளும், 1943 ஜனவரித் தேதியிட்ட ஒரு கடிதமும் இருந்தன. இவை யார் கையில் கிடைக்கின்றனவோ அவர் தயவுசெய்து பாலஸ்தீனத்தில் இருக்கும் என் தம்பியிடம் சேர்க்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம்.

எழுதியவர் ரபி காலோனிமஸ் கால்மன் ஷபிரா. பியாசெச்னோ ரெபே என்றால்தான் அன்றைய போலந்து யூதர்களுக்குத் தெரியும்.

ரபி வேறு, ரெபே வேறு. ரபி என்பவர் மதச்சட்டம் படித்துத் தேறியவர். ரெபே என்பவர் ஹசிதிய மரபின் குரு. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய பக்தி இயக்கம் ஹசிதியம். இறைவனை ஆட்டத்திலும் பாட்டிலும் உருக்கமான ஜெபத்திலும் தேடலாம் என்றது. அதன் குருபரம்பரைகள் பெரும்பாலும் குடும்ப வழியாகவே வந்தன. ஷபிரா அப்படியொரு பெருங்குடும்பத்தில் 1889இல் வார்சாவுக்கு அருகே க்ரோஜிஸ்க் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தகப்பனாரை இழந்தார். இருபது வயதையொட்டி, வார்சாவுக்குத் தெற்கே உள்ள பியாசெச்னோவில் குருவாக அமர்ந்தார்.

வயலின் வாசிப்பார். மருத்துவமும் படித்து வைத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வார்சா மருந்துக் கடைகள் ஏற்றுக்கொண்டன என்பார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வார்சாவுக்குக் குடிபெயர்ந்து, 1923இல் மாமனார் பெயரில் 'தாஅத் மோஷே' என்ற வேதபாடசாலையைத் தொடங்கினார். நகரத்தின் பெரிய ஹசிதியப் பாடசாலைகளில் அது ஒன்றாக வளர்ந்தது.

பையன்கள் ஏன் மதத்தை விட்டு ஓடுகிறார்கள்? அந்தக் காலத்து ரபிகள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பெரும்பாலோர் காலத்தைத் திட்டினார்கள். ஷபிரா ஆசிரியர்களைப் பார்த்துக் கேட்டார். 1932இல் அவர் வெளியிட்ட 'ஹோவாத் ஹதால்மிதிம்' (மாணவர் கடமை) நூல், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முன்னுரையைச் சொல்லிவிட்டு, நேரே பையனிடமே பேசத் தொடங்குகிறது. உன்னை வளர்க்கும் முதல் ஆசிரியன் நீதான், நாங்கள் கூட நிற்பவர்கள் மட்டுமே என்கிற தொனி. பிரம்பு வழக்கில் இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர்களுக்கு வேறு பாடம். மனம் சதா சளசளத்துக்கொண்டே இருக்கிறது. அது அடங்காமல் ஜெபம் எப்படி நிற்கும்? கடிகார முள்ளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார், எண்ண ஓட்டம் தணியட்டும், பிறகு ஒரே ஒரு நல்ல எண்ணத்தை மனதுக்குள் வை என்று 1936இல் சொல்லிக் கொடுத்ததை ஒரு சீடர் குறித்து வைத்திருக்கிறார். யூத ஆன்மிகத்தில் தியானம் பற்றி இன்று எழுதுகிறவர்கள் இந்தச் சிறு குறிப்பைத் தொடாமல் போவதில்லை.

1937இல் மனைவி இறந்தார். அதன் பிறகு அவர் வயலினைத் தொடவில்லை என்று சொல்வதுண்டு.

அடுத்தது 1939 செப்டம்பர். 25ஆம் தேதி வார்சா மீது விழுந்த குண்டுமழையில் ஒரே மகன் எலிமெலெக் படுகாயம் அடைந்தார். மறுநாள், மருத்துவமனைக்கு வெளியே நின்ற மருமகளும் மைத்துனியும் குண்டுவீச்சில் இறந்தார்கள். 29ஆம் தேதி மகனும் போனார். சில வாரங்களில் தாயார். இத்தனைக்கும் பிறகு ஜெல்னா தெரு 5ஆம் எண் வீட்டில், சனிக்கிழமைகளில் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

நவம்பர் 4ஆம் தேதிப் பிரசங்கம் முக்கியமானது. அந்த வாரத்து வேதப் பகுதி சாராளின் மரணம். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதைக்கு அடுத்தபடியாக அது வருகிறது. செய்தி கேட்ட அதிர்ச்சியில் தாய் உயிர் பிரிந்தது என்பது பழைய உரையாசிரியர்கள் சொன்ன காரணம். ஷபிரா இன்னொரு படி மேலே போனார். மோசே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இறைவனிடம் முறையிடத்தான். துன்பம் அளவு மீறினால் மனிதர் சீர்படமாட்டார், முறிந்துபோவார். அதைக் காட்டத்தான் சாராள் செத்தாள். மகனைப் புதைத்து ஐந்து வாரம் ஆன ஒரு தகப்பன், தன் மகன் பெயரை எடுக்காமலே இதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

1940 நவம்பரில் கெட்டோவின் வாசல்கள் அடைக்கப்பட்டன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. பட்டினி, டைபஸ் காய்ச்சல். பிரசங்கங்கள் நிற்கவில்லை. யூத ஓய்வுநாளில் எழுதுகோலைத் தொடக் கூடாது. ஆகவே இத்திஷ் மொழியில் பேசியதை, ஓய்வுநாள் கழிந்த பிறகு நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதி வைப்பார். பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஜெர்மானியர் என்ற சொல்லோ ஹிட்லர் பெயரோ தட்டுப்படாது. அவருடைய வழக்கு வேறு ஒருவரோடு.

1941 டிசம்பர், ஹனுக்கா பண்டிகை. நம்பிக்கை தளர்ந்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம் கடிந்தே பேசினார். இப்படிப்பட்ட துன்பம் நமக்குப் புதிதா? எருசலேம் ஆலயம் இடிந்தபோதும் பேத்தார் கோட்டை வீழ்ந்தபோதும் நம் முன்னோர் படாததா? அன்று அசையாத விசுவாசம் இன்று ஏன் அசைய வேண்டும்? நல்ல வாதம்தான். இரண்டாயிரம் ஆண்டு ஞாபகம் உள்ள ஒரு சமூகத்திடம் செல்லக்கூடிய வாதம்.

மறு ஆண்டுத் தொடக்கத்தில் பேச்சின் நிறம் மாறுகிறது. இறைவன் மறைவான அறையில் அழுகிறார் என்று தல்மூது என்ற யூத மதச்சட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. ஷபிரா அதைப் பிடித்துக்கொண்டார். அந்த அழுகையில் ஒரு துளி வெளியே கசிந்தாலும் உலகம் தாங்காது, அதனால்தான் உள்ளே போய் அழுகிறார். அழுகிற மனிதனும் அந்த அறைக்குள் நுழையலாம்.

1942 ஜூலை 18ஆம் தேதி கடைசிப் பிரசங்கம். நான்கு நாள் கழித்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் கிளம்பின. செப்டம்பர் 21க்குள் சுமார் 2,65,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர் மகளும் அவர்களில் ஒருவர். ரெபே ஒரு காலணிப் பட்டறையில் கூலியாக எஞ்சினார்.

நவம்பர் இறுதியில் அவர் பழைய கட்டை எடுத்து, ஹனுக்கா பிரசங்கத்தைத் திரும்பப் படித்திருக்கிறார். அதனடியில் ஒரு குறிப்பு எழுதினார். நான் சொன்னது 1942 கோடை முடியும் வரை நடந்தவற்றுக்குத்தான் பொருந்தும். அதன் பிறகு நடந்தவற்றுக்கு, நமக்குத் தெரிந்த வரலாற்றில் ஒப்பே கிடையாது. சாரம் இவ்வளவே.

இந்தச் சில வரிகளை வைத்து ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். விசுவாசம் உடைந்தது என்கிறவர்கள் ஒரு பக்கம், உடையவில்லை என்கிறவர்கள் மறுபக்கம். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அவர் பிரசங்கத்தை அடிக்கவில்லை. மற்ற இடங்களில் தாராளமாக அடித்துத் திருத்தியவர்தான். டேனியல் ரெய்சர் 2017இல் கொண்டுவந்த செம்பதிப்பில் அந்தத் திருத்தங்களை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். இங்கே மட்டும், தான் தவறிய வாதத்தையும் அது தவறிய தேதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக விட்டு வைத்திருக்கிறார். சமய நூல்களில் இப்படி ஒரு நேர்மையை நான் அதிகம் கண்டதில்லை.

1943 ஏப்ரலில் கெட்டோவில் வெடித்த எழுச்சிக்குப் பின் அவரை லூப்ளினுக்கு அருகே ட்ராவ்னிகி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 3ஆம் தேதி அங்கிருந்த யூதக் கைதிகள் மொத்தமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றுதான் அவரும் இறந்தார் என்று கருதப்படுகிறது.

பிரசங்கங்கள் 1960இல் இஸ்ரேலில் 'ஏஷ் கோதேஷ்' (புனித நெருப்பு) என்ற பெயரில் அச்சாயின. பெயர் பதிப்பித்தவர்கள் வைத்தது. கடிதத்தில் குறிப்பிட்டிருந்த தம்பி யெஷாயாகு அதைப் பார்க்கவில்லை. பால் கேன்கள் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1945இல், அவர் இறந்துவிட்டார்.

(அடுத்த வாரம்: இன்றுவரை கிடைக்காத மூன்றாம் பகுதி)