திருமந்திர ஓலை

கோடம்பாக்கத்தில் புலியூர் என்று வழங்கும் பகுதி ஒன்று உண்டு. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. சோழப் பெருநாட்டில் இத்தகைய கோட்டங்கள் பல இருந்தன. தஞ்சையில் வீற்றிருந்த மன்னனது சொல், தொலைவிலுள்ள ஊர்களில் ஆணையாக நிறைவேறியது எவ்வாறு? மன்னனையும் ஆட்சித் துறைகளையும் இணைத்து நின்ற திருமந்திர ஓலை என்னும் அரண்மனை அலுவலே இதற்கு விடை.

அதன் செயல்முறையை ஆனைமங்கலச் செப்பேடுகளில் தெளிவாகக் காணலாம். இவை ஹாலந்து நாட்டு லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளிக்குமாறு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006-இல், வாய்மொழியாக ஆணையிட்டான். அவ்வருவாய் ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல்லாகும்.

மன்னன் மொழிந்த அளவில் காரியம் முடிந்துவிடவில்லை. அவன் வாய்மொழி 'திருவாய்க்கேள்வி' எனப்பட்டது. அதனைக் கேட்டு ஓலையில் வரைந்தவன் திருமந்திர ஓலை எழுதுவோன். அவ்வோலையைத் திருமந்திர ஓலை நாயகம் என்னும் தலைமை அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குச் செல்லும். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி முதலிய அலுவலர் முன்னிலையில் அது கணக்கில் ஏறும். இதன் பின்னரே 'திருமுகம்' என்ற பெயரோடு ஆணை நாட்டாரிடம் போகும். நாட்டார் அதனை எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் ஏற்பர். பெண்யானையை நடத்தி எல்லையை வலம்வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, கையெழுத்திடுவர்.

இத்தனை கைகள் எதற்கு என்று தோன்றலாம். மன்னன் சொல்லாததைச் சொன்னதாகக் கூறி எவனும் ஊரைக் கவர்ந்துகொள்ளாமல் காப்பதற்கு இது துணையாயிற்று. தவறு நேர்ந்தால் யாரை வினவுவது என்பதும் விளங்கிற்று. ஏனெனில் ஆணையைக் கைக்கொண்ட அலுவலர் பலரின் பெயர்கள் செப்பேட்டிலேயே உள்ளன. இங்கிலாந்தில் அரச முத்திரையைக் காத்த சான்சலரின் பணியும் இதனோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது.

ஆயினும், இதனை இன்றைய மக்களாட்சி அமைச்சரவையாக எண்ணிவிடுதல் பொருந்தாது. இவ்வதிகாரிகளை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் மன்னனின் ஊழியரே. ஆனால், அவர்களுடைய கைப்பட்ட பின்னர் மன்னன் சொல் அவன் ஒருவனது வாயை மட்டும் நம்பி நிற்கவில்லை. இராசராசன் 1014-இல் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரன், தந்தையின் கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்து நிலைநிறுத்தினான். சொன்னவன் மறைந்த பின்னும் சொன்ன சொல் நின்றது. ஓர் ஆட்சியை அளந்தறிய விரும்பும் மாணவர், அது வென்ற போர்களோடு அது எழுதிவைத்த கணக்கையும் பார்த்தல் வேண்டும்.