கப்பலில் போட்ட கணக்கு

மேல்படிப்புக்கு வெளிநாடு பறக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க, விமானத்தில் என்ன செய்வாங்க? படம் பார்ப்பாங்க, தூங்குவாங்க. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய 19 வயது சென்னை மாணவர் சந்திரசேகர், கணக்குப் போட்டார்!

கேம்பிரிட்ஜில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்திருந்தது. வீட்டிலோ அம்மா சீதாலட்சுமி நோய்ப் படுக்கையில். தயங்கிய மகனைப் போகச் சொன்னதே அவர்தான்.

கடல் கொந்தளிப்பு அடங்கியதும் காகிதத்தை எடுத்தார் மகன். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது 'வெள்ளைக் குள்ளனாக' அடங்கி நிற்காது என்கிறார்களே... அந்த வரம்புக்கு விதை விழுந்தது அந்தக் கப்பலில்தான். 1983-ல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால், 1931 மே மாதமே அம்மா போய்விட்டார். மகன் மறுபடி ஊருக்கு வந்தது 1936-ல். பரிசைப் பற்றிப் பேசும்போது, அந்த அம்மாவையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க!