கொக்கியும் கண்ணியும்: குரோஷாப் பின்னலின் வரலாறும் நரசாபுரத்துப் பெண்களின் உழைப்பும்

இந்திய ஆடை வரலாறு பெரும்பாலும் தறியின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. தறிக்கு வீட்டில் இடம் வேண்டும்; பாவு நீட்டத் தெரு வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் அத்தொழிலுக்கு அரசு வரி விதித்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘தறியிறை’ இடம்பெறுவது இதனாலேயே. கொக்கி ஊசி ஒன்று, நூற்கண்டு ஒன்று, மடி ஆகியவை மட்டுமே வேண்டும் குரோஷாப் பின்னலுக்கு இவ்வகைத் தடயம் ஏதும் இல்லை. அப்பின்னலின் அமைப்பே அதனைப் பின்னிய பெண்களின் உழைப்பைக் கணக்கிலிருந்து மறைக்கத் துணைநின்றது என்பதை, ஆந்திர மாநிலத்து நரசாபுரத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னலின் இலக்கணம்

‘குரோஷா’ என்பது சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வழக்கு. லேஸ் என இன்று வழங்கும் துணிவகைக்குப் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த ‘ரேந்தை’ என்னும் சொல்லும் தமிழில் உண்டு. பின்னலின் அடிப்படை அலகைக் ‘கண்ணி’ எனலாம். தலையில் சூடும் மாலைக்கும், பறவை பிடிக்கும் வலைக்கும், இரண்டடிச் செய்யுளுக்கும் பெயராக வழங்கும் அச்சொல் இங்கும் மிகப் பொருந்துகிறது.

நூலில் ஒரு முடிச்சிட்டு, கொக்கியால் அதனூடே நூலை இழுத்தால் ஒரு கண்ணி உருவாகும். அக்கண்ணியினூடே மீண்டும் இழுத்தால் அடுத்தது. இவ்வாறு தொடர்வது சங்கிலி. கற்பவர் முதலில் பழகுவது இதுவே. ஆறு அல்லது எட்டுச் சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அதனுள் ட்ரெபிள் எனப்படும் உயரக் கண்ணிகள் 12 போட்டால் முதற்சுற்று முடியும். இரண்டாம் சுற்றில் 24, மூன்றாம் சுற்றில் 36 என ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூட்டிக்கொண்டே சென்றால் வட்டம் தட்டையாக விரியும். குறைத்தால் கிண்ணமாகக் குழியும். மிகுத்தால் ஓரம் சுருக்கம் விழுந்து அலையும். மோட்டிஃப் எனப்படும் பூவுருக்கள் அனைத்தும் இவ்வெண்ணிக்கையின் வேறுபாடுகளே. கைக்குட்டை ஓரமும் தட்டுவிரிப்பும், ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்து வானொலிப் பெட்டியின் மேல் தவறாது கிடந்த விரிப்பும் இவ்வளவில் கற்றவரே செய்யக்கூடியவை.

பெயர்களில்தான் குழப்பம் மிகுதி. பிரித்தானியர் ‘டபுள்’ என்பதை அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பர். பிரித்தானியரின் ‘ட்ரெபிள்’ அமெரிக்கருக்கு ‘டபுள்’. அச்சிட்ட குறிப்பை மட்டும் நம்பிப் பின்னுபவரின் பூ, குறிப்பு எந்நாட்டது என்பதற்கேற்பச் சிறுத்தோ பெருத்தோ போகும். தாயின் அல்லது அண்டை வீட்டாரின் கைபார்த்துக் கற்றவருக்கு இச்சிக்கல் எழுவதில்லை. இக்கலை ஏட்டுவழியினும் கைவழியே மிகுதியும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வரலாற்று நோக்கில் இன்றியமையாத கூறு வேறொன்று உண்டு. இரு ஊசிகொண்டு பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் நிற்கும். தலையணை லேஸில் பல நூலுருளைகள் ஒரே வேளையில் தொங்கும். குரோஷாவிலோ எந்நேரமும் கொக்கியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். நழுவினாலும் மீட்க வேண்டியது ஒரு கண்ணியே. எங்கும் நிறுத்தலாம், எங்கும் தொடரலாம் என்னும் இந்த வசதியே இதனை ‘ஓய்வுநேர வேலை’ என்று பெயரிட இடமளித்தது.

அயர்லாந்தின் முன்மாதிரி

குரோஷா என்னும் பெயருடன் அச்சேறிய பின்னற் குறிப்புகளுள் இன்று அறியப்பட்டவற்றில் மிகப் பழையது, 1823-இல் ‘பெனெலோப்பே’ என்னும் டச்சு இதழில் வெளிவந்தது. ஐரோப்பாவில் இப்பின்னல் பெருவழக்கானது 1840-களில்தான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தொடங்கியபோது, துறவு மடங்களும் பாதிரிமார் குடும்பத்துப் பெண்களும் இதனைப் பஞ்ச நிவாரணத் தொழிலாகக் கற்பித்தனர். குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-இல் தொடங்கிய பணி அவற்றுள் புகழ்பெற்றது. அங்கு ரோசாவும் மூவிலைக் கொடியும் தனித்தனிப் பூவுருக்களாகப் பல வீடுகளில் உருவாயின. வேறு கைகள் அவற்றை வலைப்பின்னலால் இணைத்தன. முழுப்பொருளைப் பின்னியவர் என எவரையும் சுட்ட இயலாத இம்முறை, கடல் கடந்தும் அவ்வாறே தொடர்ந்தது.

நாகர்கோயிலும் நரசாபுரமும்

தென்னிந்தியாவில் லேஸ் தொழிலின் தொடக்கம் நாகர்கோயிலோடு தொடர்புடையது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1821 அளவில் தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் இதனைத் தொடங்கினார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவான வீட்டிலேயே லேஸ் பள்ளியும் நடந்தது என்பது தமிழ் ஆய்வாளர் பலர் கருதிப்பாராத செய்தி. அடிமைப்பட்டிருந்த குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைக்கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. ஆயினும் நாகர்கோயிலில் நிலைபெற்றது தலையணையும் நூலுருளைகளும் வேண்டும் லேஸ். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மேற்பார்வை வேண்டும். எனவே அதனைக் கற்றவரும் கற்பித்தவரும் ஓரளவேனும் ஏட்டில் ஏறினர்.

கோதாவரிக் கழிமுகத்தில் நிலை வேறு. ஸ்காட்லாந்தினரான மக்ரே தம்பதியர் 1844-இல் அப்பகுதிப் பெண்களுக்கு இவ்வேலையைக் கற்பித்ததாக மரபுச் செய்தி கூறும். கிறித்தவம் தழுவிய ஏழைப் பெண்களிடையே தொடங்கிய தொழில், பின்னர் காப்பு சமூகத்துப் பெண்களிடையே பரவியது. வயல்வேலைக்குச் செல்லாமல் கோஷாவாக இருப்பதைக் குடும்ப மதிப்பாகக் கருதிய அச்சமூகத்திற்குக் குரோஷா மிகப் பொருத்தமாக அமைந்தது. பெண் வாயிற்படி தாண்ட வேண்டுவதில்லை. நூல் வீட்டுக்கு வரும், பூ வீட்டிலிருந்து போகும். நூல் கொடுத்துத் துண்டுக்கணக்கில் கூலி தரும் தரகர்களும், அவர்களுக்கு மேல் ஏற்றுமதி வணிகர்களும் என ஓர் அடுக்கு உருவாயிற்று. பூ பின்னுவோர் ஒருவர், அவற்றை இணைப்போர் மற்றொருவர் என வேலை பிரிந்தமையால், தாம் பின்னிய பூ எந்த விரிப்பில் சேர்ந்தது, என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பின்னியவர் அறிய வழியில்லாது போயிற்று. அயர்லாந்தில் பஞ்சத்தைக் கடக்க உதவிய முறை இங்கு நிலையான வணிக முறையாக இறுகியது எனலாம்.

செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் இறுதியில் இங்குக் களஆய்வு செய்து, 1982-இல் நூலாக வெளியிட்டார். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னிய பெண்களின் அன்றாடக் கூலி ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை என்று அவர் காட்டினார். அதனினும் கூர்மையானது அவருடைய மற்றொரு முடிபு. வணிகரும் அதிகாரிகளும் மட்டுமன்றிப் பின்னிய பெண்களே அதனை வேலை என்று கருதவில்லை. ‘வீட்டில் சும்மா இருப்பவர்’ என்றே அப்பெண்கள் அறியப்பட்டனர். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த தொழிலாளரை இல்லத்தரசியராகவே வைத்திருக்கும் இந்நிலையை அவர் ‘இல்லத்தரசியாக்கம்’ என்று பெயரிட்டார். மீஸ் இதன் வேரை மூலதனத்திலும் ஆணாதிக்கத்திலும் கண்டார். அது சரியே. ஆயினும் கண்ணியின் அமைப்புக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சேர்த்துக் காணவேண்டும். பாவு ஏற்றிய தறியை ‘ஓய்வுநேரப் பொழுதுபோக்கு’ என்று எவரும் சொல்லத் துணியார்.

எந்திரம் இத்தொழிலை அழிக்கவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தறியைப் போலன்றி, உண்மையான குரோஷாக் கண்ணியைப் பின்னும் ஆலை எந்திரம் நிலைபெறவில்லை. ‘எந்திரக் குரோஷா’ என விற்பவை வேறுவகைப் பின்னலால் ஆன போலிகளே. ஆகவே சந்தையில் ஒரு குரோஷாத் தட்டுவிரிப்பு மிக மலிவாகக் கிடைக்கிறது எனில், அம்மலிவு எந்திரத்தால் வந்ததாக இருக்க முடியாது.

குறியீடும் உரிமையும்

நரசாபுரம் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாதவாறு காக்கும் இவ்வுரிமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதற்கு அடிப்படையான 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. கைவினைப் பொருளைப் பொறுத்தவரை, அதனைச் செய்பவர் மட்டுமன்றி அதில் வணிகம் நடத்துபவரும் அச்சொல்லுள் அடங்குவர். பதிவு பெற்ற பயனாளராகத் தம் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கும் உரிமை இருவருக்கும் ஒன்றுபோலவே உண்டு. விண்ணப்பப் படிவம் வணிகரின் மேசைக்கு எளிதில் வந்து சேரும். கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் பூ மட்டும் பின்னி, அதனை இணைப்பவரின் முகம்கூட அறியாத பெண்ணின் மடிக்கு அது தானாக வந்து சேர்வதில்லை.