கூரைப் பூச்சு டப்பாவின் ஐந்து வரிகள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எல்கார்ட் வட்டாரத்தில்தான் அந்நாட்டில் உள்ளேயே தங்கிப் பயணிக்க உதவும் ஆர்.வி. வண்டிகளில் பெரும்பாலானவை தயாராகின்றன. பல வண்டிகளின் கூரை, மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டிய ஈ.பி.டி.எம். ரப்பர் விரிப்புதான். அது வெளுத்துத் தேயும்போது எல்லோரும் தேடிப்போவது பூச்சு டப்பாவை. எந்த நிறுவனத்து டப்பாவானாலும், அதன்மேல் சொல்லியிருப்பதன் சாரம் ஏறக்குறைய இந்த ஐந்து வரிகள்தான்.

“கூரை உறுதியாகவும் உலர்ந்தும் இருக்கட்டும்.”

அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் இந்த வரிதான் எனக்கு ஆக முக்கியம். பூச்சு ரப்பருக்கு மேல்தோல் கொடுக்கும். அடியில் மக்கிய பலகையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஏணி வைத்து ஏறி, முழங்காலிட்டு, உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். காற்றுப்போக்கிகளைச் சுற்றியும் முன்பக்க விளிம்பிலும் கூடுதல் கவனம் வேண்டும். எங்காவது அமுங்கினால் நீர் முன்பே உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்போது டப்பாவை மூடி வைத்துவிட்டு, விரிப்பை உரித்துப் பலகையை மாற்றத்தான் வேண்டும். செலவு பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசி மெழுகினால் அது வெளியேற வழியில்லாமல் சுவர்ச் சட்டம் வரை இறங்கும். அதற்குப் பிறகு காப்பாற்ற வண்டியே மிஞ்சாது.

“கழுவிக் காயவிடவும்.”

வயதான ஈ.பி.டி.எம். விரிப்பைக் கறுப்புத் துணியால் துடைத்தால் சுண்ணாம்புபோல வெள்ளைத் தூள் ஒட்டும். அது போகும்வரை தேய்க்க வேண்டும்; பூச்சு தூளைப் பிடித்தால் தூளோடு உரிந்து வரும். பெட்ரோலியக் கரைப்பான்கள் கூடவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

“மூட்டுகளை முதலில் அடைக்கவும்.”

விரிப்பின் நடுவில் ஒழுகுவது அபூர்வம். ஒழுகல் தொடங்குவது குழாய், ஜன்னல், ஸ்க்ரூ என்று கூரையைத் துளைத்த இடங்களில்தான். வெடித்த பழைய சீலண்டைச் சுரண்டிவிட்டு, தானாகப் பரவிச் சமமாகும் புதியதை ஊற்ற வேண்டும். ஏசி மட்டும் விதிவிலக்கு. 14 அங்குலச் சதுரத் துளையில் உட்காரும் அதன் அடியில் நுரை வளையம் உண்டு. அங்கே கசிந்தால் உள்ளிருந்து போல்ட்டுகளை அளவாக முறுக்க வேண்டும், இல்லையேல் வளையத்தை மாற்ற வேண்டும். சுற்றிலும் சீலண்ட் அப்புவது வைத்தியம் ஆகாது.

“ஒட்டுமா என்று சோதிக்கவும்.”

முன்பு யாராவது சிலிகான் பூசியிருந்தால் அதன்மேல் சிலிகானைத் தவிர வேறெதுவும் நிலைக்காது. கூரை ஈ.பி.டி.எம். அல்லாமல் டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகை விரிப்பானால் பெரும்பாலும் தனி பிரைமர் வேண்டியிருக்கும். ஓரத்தில் கொஞ்சம் பூசி, ஈரத்திலேயே துணிப்பட்டை ஒன்றைப் பதித்துக் காயவிடுங்கள். நன்றாக இறுகிய பின் இழுத்துப் பாருங்கள். துணி மட்டும் கிழிந்து வந்தால் தைரியமாகத் தொடரலாம். பூச்சே தோலாக உரிந்தால் முழுக் கூரையின் செலவு மிச்சம்.

“மழையற்ற நாளில், இரண்டு கோட்.”

அக்ரிலிக் பூச்சுக்குப் பொதுவாக 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். இரவுப் பனி இறங்குமுன் காய்ந்துவிடும்படி காலையிலேயே தொடங்குவது நல்லது. நீர் தேங்கும் பள்ளம் இருந்தால் அக்ரிலிக் நாளடைவில் இளகும், அங்கே சிலிகானே தாங்கும். முதல் கோட்டை நீளவாக்கிலும் இரண்டாவதைக் குறுக்காகவும் ரோலரால் இழுத்தால் விட்டுப்போன இடம் கண்ணில் படும்.