கடைசிப் பந்திக்காரர்கள்

வணிகவியல் வகுப்பில் பங்கு வகைகள் வந்தால் நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு 1907ஆம் ஆண்டு பம்பாய்க்குப் போய்விடுவேன். டாடா இரும்பாலைக்கு லண்டனில் பணம் பெயரவில்லை. சுதேசி வேகம் பொங்கிக்கொண்டிருந்த நேரம். உள்ளூரிலேயே பங்கு விற்றார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் அத்தனையையும் வாங்கி முடித்தார்கள்.

மூலதனம் 2 கோடியே 31 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அது மூன்று வகையாகப் பிரிந்திருந்தது: 150 ரூபாய் முன்னுரிமைப் பங்கு 50,000, 75 ரூபாய் சாதாரணப் பங்கு 2 லட்சம், 30 ரூபாய் ‘டெஃபர்ட்’ பங்கு 22,500.

கல்யாணப் பந்திக் கணக்குதான். முன்னுரிமைக்காரருக்கு முதல் பந்தி. ஆண்டுக்கு 6 சதவீதம், அதற்குமேல் ஒரு கரண்டி விழாது. அடுத்து சாதாரணப் பங்குக்காரர். டெஃபர்ட்காரர் கடைசியில் உட்காருவார். மிச்சம் நிறைய இருந்தால் யோகம், இல்லாவிட்டால் வெறும் இலை.

முதல் உலகப்போரில் தண்டவாளத்துக்குக் கிராக்கி ஏறியதும் அந்த 30 ரூபாய்ப் பங்கு ஆயிரத்தைத் தாண்டியது! சந்தையில் இருந்ததே கொஞ்சம் பங்கு. நாலு பேர் முண்டியடித்தாலே விலை எகிறும். பம்பாய்த் தரகர்களுக்கு ‘டாடா டெஃபர்ட்’ என்றால் முதலீடு இல்லை, சூதாட்டச் சீட்டு. போர் முடிந்து வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து இறங்க, 1924இல் ஆலையில் சம்பளம் போடவே பணமில்லை. ஆலைத் தலைவர் தோராப்ஜி டாடா தன் சொத்தையும் மனைவி மெஹர்பாயின் ஜூபிலி வைரத்தையும் அடகு வைத்தார். வைரமே அடகுக்குப் போன வீட்டில் கடைசிப் பந்திக்கு யார் இலை போடுவார்கள்?

‘முன்னுரிமை என்றால் பத்திரம்தானே சார்?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை. லாபம் வந்தால்தான் அதற்கும் பங்காதாயம். குவாலியர் மகாராஜா அதே ஆலைக்கு 4 லட்சம் பவுன் கொடுத்தாரே, அது கடன் பத்திரம். லாபமோ நஷ்டமோ, வட்டி வந்தாக வேண்டும்.

1956 கம்பெனிச் சட்டம் பொதுக் கம்பெனிகளுக்கு இரண்டே வகை என்று வரம்பு கட்டி டெஃபர்ட்டை ஒழித்தது. ஆனால் 2000இல் வேறொரு கதவு திறந்தது: ஓட்டுரிமை குறைந்த சாதாரணப் பங்கு. டாடா மோட்டார்ஸ் 2008இல் அப்படி ஒன்று வெளியிட்டது. பத்தில் ஒரு பங்கு ஓட்டு, பங்காதாயம் 5 சதவீதப் புள்ளி கூடுதல். அப்படியும் சந்தையில் அது சாதாரணப் பங்கைவிட மலிவாகவே கிடந்தது. 2024இல் பத்துக்கு ஏழு சாதாரணப் பங்கு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.